போன் ஓயாத கடை

விலை என்பது எங்கே இருக்கும் என்று ஜெசிந்தா யோசிக்கத் தொடங்கியது, கம்ப்யூட்டர் கடை நைனா பாய் ஒரு விலையைச் சொல்லிவிட்டு, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, வேறொரு விலையைச் சொன்னபோதுதான். முதலில் எழுபத்து மூன்று. தண்ணீருக்குப் பிறகு எழுபத்தெட்டு. ஆயிரம் என்ற சொல்லைச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அது காற்றிலேயே இருக்கிறது, கேட்கிறவர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு டம்ளர் தண்ணீருக்குள் என்ன நடந்திருக்கும்? பெட்டி இன்னும் கடைக்கே வரவில்லை. பக்கத்துச் சந்தில் டீலரின் குடோனில் இருக்கிறதாம், ஒரே ஒரு பீஸ்தானாம், எடுத்துவர ஆள் போயிருக்கிறாராம். அங்கே இருட்டில் அட்டைப்பெட்டிக்குள் பஞ்சு மெத்தையில் படுத்திருக்கும் ஒரு கிராபிக்ஸ் கார்டுக்கு, இங்கே ஒருவர் தண்ணீர் குடித்ததற்கு ஐயாயிரம் கூடிவிட்டது. கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆச்சரியம்தான். அவள் சுபாவமே அப்படி, கையில் சூடு பட்டால்கூட முதலில் எது சுட்டது என்று பார்த்துவிட்டுத்தான் கையை எடுப்பாள் என்று அம்மா சொல்வாள். "என்ன பாய், அதுக்குள்ள ஏறிடுச்சு?" என்று கேட்டதற்கு அவர் கூரையைக் காட்டினார். விலை அங்கேயிருந்து சொட்டுகிறது போலும். "நானா ஏத்துறேன்? மேல ஏத்துறான். உக்காரும்மா, சாமான் வரட்டும்." அவள் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பையில் எண்பது இருந்தது. அதற்கு மேல் எங்குமே இல்லை.

எண்பதுக்குள் கிடைத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வேலையை முடித்துவிடலாம். கிடைக்காவிட்டால் தணிகாசலம் சாரின் அனிமேஷன் ஸ்டுடியோவில் அந்த நாற்காலி இருக்கிறது. ஏழு வருடம் உட்கார்ந்த நாற்காலி, வலது கைப்பிடி ரெக்ஸின் அவள் முழங்கை பட்டே உரிந்தது. வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே சொந்தமாகச் செய்யப்போகிறேன் என்று சொன்ன அன்று சார் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. சிரித்தார். "ரெண்டே மாசம்மா. நாற்காலிய யாருக்கும் தரமாட்டேன், நீயே வருவ." இப்போது இரண்டாவது மாதம் நடக்கிறது. முதல் பெரிய வேலை, ஒரு பில்டருக்கு, இன்னும் அஸ்திவாரமே போடாத அடுக்குமாடிக் குடியிருப்பை நடந்துபோய்ப் பார்ப்பதுபோல் ஒரு வீடியோ. வாசல், லிப்ட், ஹால், பால்கனி, பால்கனியில் விழும் சாயங்கால வெயில். பாதியில் அவளுடைய பழைய கார்டு உயிரை விட்டது. திரையில் பச்சைப் பச்சையாகக் கோடு, அப்புறம் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து முடி பொசுங்கும் நாற்றம், அப்புறம் ஒன்றுமில்லை. கார்டு இல்லாமலும் கம்ப்யூட்டர் கணக்குப் போடும், போடாமலில்லை, ஆனால் அந்த வேகத்தில் போனால் பில்டர் வீட்டையே கட்டி முடித்துவிடுவார். அந்தச் சாயங்கால வெயில் ஒரு சோபாவின் மேல் எப்படி விழும், சோபாவிலிருந்து தெறித்துச் சுவரில் எப்படிப் படியும் என்று கோடிக்கணக்கான தடவை கணக்குப் போட்டுப் பார்க்க, கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்களுக்காகச் செய்த ஒரு சாமான் வேண்டியிருக்கிறது. அதையே யாரோ பிட்காயின் காசு காய்ச்சவும் வாங்குகிறார்களாம், யாரோ கம்ப்யூட்டருக்குப் பேசக் கற்றுக்கொடுக்கவும் வாங்குகிறார்களாம். ஒரே அரிசியில் இட்லிக்காரனும் கோலம் போடுகிறவளும் பசை காய்ச்சுகிறவனும் வந்து நிற்பதுபோல. நிற்கட்டும், எல்லோருக்கும் வேலை இருக்கும். ஆனால் அரிசியை ஏன் கைப்பிடி கைப்பிடியாக விடுகிறார்கள்? இந்தக் கார்டின் வெளியீட்டு விழாவில் மேடையில் ஒரு விலை சொன்னார்கள். அந்த விலையை அதற்கப்புறம் பார்த்தவர்கள் யாருமில்லை, கல்யாணப் பத்திரிகையில் பெயர் மட்டும் போட்டுவிட்டு நேரில் வராத சிங்கப்பூர் மாமா மாதிரி.

போன் அடித்தது. பாயிடம் இருப்பது பழைய மேஜை போன், யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டாது, அவருக்கு அதில் ஒரு பிடிவாதம். ரிசீவரை எடுத்து, கேட்டு, "இன்னும் வரலைங்க, வந்தா சொல்றேன்" என்று வைத்தார். கை எடுப்பதற்குள் மறுபடி. "இல்லைங்க." மறுபடி. "விலை இப்ப சொல்ல முடியாதுங்க." வந்துகொண்டிருக்கிற சாமானை இன்னும் வரவில்லை என்கிறாரே என்று ஜெசிந்தாவுக்கு முதலில் நன்றியாக இருந்தது, எனக்காகத்தான் ஒளித்துவைக்கிறார். ஸ்டுடியோவில் இருந்த காலத்திலிருந்தே தெரிந்தவர். கீபோர்டில் டீ கொட்டியவர்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். பிறகு அந்த நன்றி கொஞ்சம் சுருங்கியது. ஒளித்துவைத்தால் விலை ஏறும் அல்லவா? ஆனால் மனுஷர் முகத்தில் அப்படிக் கள்ளம் இல்லை, அவரும் எரிச்சலாகத்தான் இருந்தார். முன்னால் ஒரு கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டு, அதன் பிராசசர் மேல் சூடு தணிக்கும் வெள்ளைப் பசையைத் தடவிக்கொண்டிருந்தார், இடியாப்பத் தட்டுக்கு எண்ணெய் தடவுகிற கவனத்தோடு. ஒவ்வொரு அழைப்புக்கும் கையைத் துடைத்து, எடுத்து, வைத்து, மறுபடி பசை. அப்புறம் அவரே டீலருக்குப் போன் போட்டார். "ரேட் அதே தானே? ... டிமாண்டா? சொல்லாதீங்க, காலைலேர்ந்து போன் ஓயல. ஆமா, எல்லாரும் அந்த ஒரு மாடல்தான் கேக்குறான். ... சரி. சரி. புரியுது." வைத்துவிட்டு அவளைப் பார்க்காமல் சொன்னார், "எம்பத்தஞ்சும்மா." பையிலிருந்த எண்பது திடீரென்று எதற்கும் உதவாத பணமாகிவிட்டது.

ஆனாலும் பார்த்துவிட்டாள். அந்த இடத்திலேகூட, நாற்காலியின் உரிந்த கைப்பிடி கண்முன் வந்து நிற்கும்போதும், அவள் மனசின் ஒரு மூலை கைதட்டாத குறைதான். விலை பிறந்ததை அவள் பார்த்துவிட்டாள்! பாய் விலையை ஏற்றவில்லை, டீலரும் ஏற்றவில்லை. டீலர் கேட்டார், பாய் உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான். விலை அந்தப் போன் மணியில் இருந்தது. ஒவ்வொரு மணிக்கும் கொஞ்சம். ஊரில் எங்கெங்கோ முகம் தெரியாத யார் யாரோ, அவளைப் போலவே கார்டு செத்துப்போனவர்கள், ஆசைப்பட்டவர்கள், வந்துவிட்டதா வந்துவிட்டதா என்று கேட்டுக் கேட்டே அதை அவள் கைக்கு எட்டாத பரணில் ஏற்றிவிட்டார்கள். பில்டர் சொன்னது ஞாபகம் வந்தது. முதல் மாதிரியை அனுப்பியபோது, "வீடு நல்லா இருக்கும்மா, ஆனா வெறிச்சுன்னு இருக்கு. ஆளுங்களப் போடு. நீச்சல் குளத்துல நாலு பேரு, லிப்ட் வாசல்ல ஒரு குடும்பம். கூட்டம் இருந்தாத்தான் வாங்குறவனுக்கு ஒரு பதட்டம் வரும்" என்றார். போட்டாள். கணினிப் படத்தில் நிறுத்தத் தயாராக விற்கும் பொம்மை மனிதர்கள், ஒரே பெண்ணுக்குச் சேலை நிறத்தை மாற்றி மூன்று இடத்தில் நிறுத்தினாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை. இப்போது போன் மணிக்குப் பின்னால் இருக்கிற கூட்டத்தை நினைக்கையில் அவளுக்கு அந்த மூன்று சேலைக்காரியின் முகம்தான் வந்தது, ஏன் வந்தது என்று தெரியவில்லை. தூசி, ஈயப்பற்று வாசனை, பக்கத்துக் கடையில் ஸ்பீக்கர் சோதிக்கிறவன் ஒரே பாட்டின் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் போடுகிறான். குடோனுக்குப் போனவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்து பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். கறுப்புப் பெட்டி. எட்டித் தொடலாம். தொடவில்லை.

அவள் வீட்டில் ஒரு பழக்கம், ஒரு சாமான் கைக்கு வருமுன் அதை யாரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் நழுவிவிடும். பெண்பார்க்க வருவதிலிருந்து பிரிட்ஜ் வாங்குவது வரை அம்மா அப்படித்தான், வாங்கி, கட்டு பிரித்து, உள்ளே வைத்து மூடியபிறகுதான் ஊருக்குத் தெரியும். அதனால்தான் இன்று காலை பாய் கூப்பிட்டு ஒரு பீஸ் வருகிறது என்றபோது ஜெசிந்தா கணவன் டென்சிலிடம்கூட "சும்மா ரிச்சி ஸ்ட்ரீட் வரைக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். நழுவக்கூடாது. இந்தக் கார்டு மட்டும் நழுவக்கூடாது. பில்டருக்கு ஞாயிறு, சாருக்கு இரண்டு மாதம், எல்லாம் இந்தப் பெட்டிக்குள். மறுபடி போன். இம்முறை பாயின் இரண்டு கையிலும் பசை. முழங்கையால் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினார். "ஹலோ, நாங்க கோயமுத்தூர்லேர்ந்து பேசுறோம்," என்றது ஒரு கம்பீரமான குரல், "நம்ம கம்பெனிக்கு அந்தப் புது கிராபிக்ஸ் கார்டு அஞ்சு பீஸ் வேண்டியிருக்கு. விலை ஒரு பிரச்சினை இல்ல." சொல்லிவிட்டு அந்தக் குரல் தொண்டையைச் செருமியது, இரண்டு சின்னச் செருமல், ஒரு பெரிய செருமல். ஜெசிந்தாவுக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. உலகத்தில் ஒரே ஒருவன்தான் அப்படிச் செருமுவான். பெரியப்பா மகன் ரீகன் அண்ணன். தூத்துக்குடி துறைமுகத்தில் குமாஸ்தா. கோயம்புத்தூரை அவன் வரைபடத்தில்தான் பார்த்திருப்பான். பெரிய கம்பெனி என்றால் கடைக்காரர் ஒளிக்கமாட்டார் என்று நினைத்திருப்பான்.

தட்கல் படை. ஐயோ. மறந்தே போனாள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக, தூத்துக்குடி ரயிலில் நிமிஷத்தில் தீர்ந்துவிடும் தட்கல் டிக்கெட் எடுப்பதற்காகக் குடும்பமே சேர்ந்து உண்டாக்கிய வாட்ஸப் குழு அது. பத்து மணி அடிக்கிறபோது பெரியப்பா வீடு, மாமா வீடு, மும்பைச் சித்தப்பா, மணப்பாட்டில் இருக்கும் அத்தை மகள், எல்லோரும் ஆளுக்கொரு போனில் ஒரே டிக்கெட்டுக்காக விழுந்து முட்டுவார்கள், யாராவது ஒருவருக்குக் கிடைத்துவிடும். அப்படி ஒரு வருடமும் அவர்களுக்குத் தப்பியதில்லை. கார்டு எங்கும் இல்லை என்று தெரிந்ததும் அவள்தான் குழுவில் எழுதினாள், எல்லோரும் உதவி செய்யுங்கள் என்று. டென்சில் ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளின் எண்களையெல்லாம் போட்டுவிட்டான். அவர்களும் பாவம், டிக்கெட் எடுக்கிற அதே வெறியோடு தினமும் காலையில் கடை திறந்ததும் ஆரம்பித்துவிடுகிறார்கள். கிடைத்துவிட்டது, நிறுத்துங்கள் என்று இன்று அவள் சொல்லவில்லை. கைக்கு வரவில்லையே, எப்படிச் சொல்வாள்? ரயிலில் நூறு பேர் முட்டினாலும் டிக்கெட்டில் போட்ட கட்டணம் போட்டபடி இருக்கும். இங்கே முட்ட முட்ட ஏறுகிறது. முகம் தெரியாத கூட்டம் என்றாளே, அந்தக் கூட்டத்தின் முகமெல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரியும், எல்லோருக்கும் மூக்கு ஒரே மாதிரி. நீச்சல் குளத்தில் நிறுத்திய பொம்மை மனிதர்கள்போல, அவளே நிறுத்திய ஆட்கள், அவளுக்கே பதட்டம் வரவைத்துவிட்டார்கள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது, எது முதலில் வெளியே வரும் என்று அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. "பாத்தியாம்மா," என்றார் பாய், "கோயமுத்தூர்ல அஞ்சு பீஸாம். விலை பிரச்சினை இல்லையாம். நான் உனக்கு எம்பத்தஞ்சு சொல்றதே தெரிஞ்ச பொண்ணுன்றதால." அவள் தலையாட்டிக்கொண்டே மடியில் செல்போனை வைத்து, ஒரு விரலால், யாரும் கடைக்குப் போன் செய்யவேண்டாம், உடனே நிறுத்துங்கள் என்று குழுவில் எழுதினாள்.

அப்புறம் வந்த அமைதியைச் சொல்ல வேண்டும். பாய் பசையைத் தடவி முடித்தார், மின்விசிறியைப் பொருத்தினார், திருகாணிகளை முடுக்கினார். போன் அடிக்கவில்லை. பக்கத்துக் கடைப் பாட்டு வரி மட்டும் சுற்றியது. அவர் ஒருமுறை போனைப் பார்த்தார். கையைத் துடைத்துவிட்டு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, லைன் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. வைத்தார். "என்னமோ திடீர்னு..." என்றார். ஜெசிந்தா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படியே விட்டால் என்ன ஆகும்? ஏறின வழியிலேயே இறங்குமா? இன்னும் கொஞ்ச நேரம் இந்த மௌனம் நீடித்தால் பாய் தானாகவே எண்பது என்பார், அவள் யோசிக்கிற மாதிரி நடித்து எழுபத்தைந்து கேட்கலாம். சொல்லிவிட்டால்? பாய், அத்தனையும் எங்கள் ஆட்கள் என்று சொல்லிவிட்டால் அவர் என்ன நினைப்பார்? தெரிந்த பெண், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆள் வைத்து விளையாடுகிறாள் என்று நினைத்தால்? பெட்டி குடோனுக்குத் திரும்பிப் போய்விட்டால்? பயமாக இருந்தது, ஆனால் பயத்துக்குள்ளேயே ஒரு குறுகுறுப்பு, ஒரு விலை ஏறுவதைப் பார்த்தாயிற்று, இறங்குவதையும் பார்த்துவிட மாட்டோமா என்று. நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் வந்து நின்றது, போனது, வந்தது. பாய் டீலரைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார், "உங்க பக்கம் எப்படி? ... அப்படியா? இங்கயும்தான். ஒரு சத்தத்தையும் காணோம்." அவர் நெற்றியில் பொடி வியர்வை. அந்த வியர்வையைப் பார்த்ததும்தான் அவளுக்கு மனசு கேட்கவில்லை. விலை இறங்கிவிடுமோ என்று கார்டு வைத்திருப்பவருக்கும் பயம், கார்டு இல்லாதவளுக்கும் பயம். வாயைத் திறந்தாள். போன் அடித்தது. பாய் ஆவலாக ஸ்பீக்கரை அழுத்தினார்.

"ஐயா, நான் பிலோமினா பேசுதேன், தூத்துக்குடில இருந்து," என்றது போன். அம்மாவின் தங்கை, பிலோமி சித்தி. வாட்ஸப்பைத் திறந்தால் கண் வலிக்கிறது என்று சொல்கிறவள், நிறுத்தச் சொன்னதைப் பார்த்திருக்க மாட்டாள். "அந்த கிராபிக்ஸ் கார்டு வந்துட்டாய்யா? நான் தினமும் கேக்கேன், நீங்களும் தினமும் இல்லேங்கீய. கோவப்படாதீய. எங்க அக்கா மவ ஒருத்தி மெட்ராஸ்ல தனியா தொழில் தொடங்கியிருக்கா, பேரு ஜெசிந்தா. அது இல்லேன்னா அவளுக்கு வேல ஓடாதாம். ராத்திரி உறங்கவே மாட்டேங்கான்னு மாப்ள சொல்லுதாரு. வந்தா வேற ஆருக்கும் குடுத்துராதீயய்யா. மாதா உங்களக் காப்பாத்துவா." பாய் போனைப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் ஜெசிந்தாவைப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை. தூங்கவில்லை என்று டென்சில் சொன்னானா? எப்போது சொன்னான்? அவனும் தூங்காமல்தான் படுத்திருந்தானா? மேஜையோரம் குனிந்து போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "சித்தி, நான்தான்" என்றாள். அந்தப் பக்கம் திக்கென்று ஒரு மூச்சு. "ஏட்டி ஜெசி! நீ ஏன் இந்தக் கடையில போன எடுக்க? வேலைக்குச் சேந்துட்டியா? தொழில விட்டுட்டியாட்டி?" சித்தியின் குரல் அங்கேயே உடைந்தது. ஒரு நொடியில், இந்த ஸ்டூல், அந்த நாற்காலி, எல்லாம் ஒன்றாகி, ஆமாம் சித்தி, விட்டுவிட்டேன் என்று சொல்லிவிடும் சுலபம்கூட ஜெசிந்தாவுக்குக் கண்ணில் தெரிந்தது. "விடல சித்தி," என்றாள். "கார்டு வாங்கிட்டேன். கையிலதான் இருக்கு." சொல்லிக்கொண்டே பெட்டியின் மேல் கையை வைத்தாள், பொய்யாகிவிடக் கூடாதே என்று. விலை பேசி முடிக்காத சாமான். அம்மா கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாள்.

பாய் ஸ்பீக்கரை அணைத்தார். பிறகு, "அந்தக் கோயமுத்தூரு?" என்றார். "எங்க அண்ணன்." "காலைல ஒரு அம்மா, மும்பைன்னு..." "சித்தப்பா வீட்டம்மா." அவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டுச் சிரித்தார், சத்தமே வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. "அடப்பாவிங்களா, தமிழ்நாடே கேக்குதுன்னு நான் டீலர்கிட்ட சொல்லிட்டேனே. அவன் மத்த கடைக்கெல்லாம் சொல்லியிருப்பான்." "இறக்கச் சொல்லுங்க பாய்." "ஏறச் சொன்னா கேப்பான்மா, இறங்கச் சொன்னா அவன் காது கேக்காது." அவர் பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "போன் போட்டது நீங்க, ஊதினது நானு. ஏறினதுல பாதி உன்னுது, பாதி என்னுது. எழுபத்தொம்பது குடு." ஜெசிந்தா பையைத் திறந்தாள். பணத்தை எடுத்துக் கொடுத்தாள். எழுபத்து மூன்றுக்கு மேலே இருந்த ஆறாயிரம் என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ரீகன் அண்ணன் செருமல் கொஞ்சம், பிலோமி சித்தியின் மாதா கொஞ்சம். அவ்வளவு பேர் அவளுக்காக ஒரே நேரத்தில் முட்டியிருக்கிறார்கள். வலித்தது, ஆனால் தணிகாசலம் சாரின் நாற்காலிக்கு இனித் திரும்ப வேண்டியதில்லை என்ற சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பெட்டியைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுக்கும்போது போன் மறுபடி அடித்தது. பாய் புருவத்தைத் தூக்கி, "உங்க ஆளா?" என்றார். அவள் செல்போனைப் பார்த்தாள். தட்கல் படையில் எல்லோரும் கட்டைவிரலோ கைகூப்பலோ போட்டிருந்தார்கள், மும்பைச் சித்தப்பா உள்பட. "எங்க ஆளுங்க எல்லாரும் நிறுத்திட்டாங்க பாய்." அவர் ஸ்பீக்கரை அழுத்தினார். வயசான ஒரு ஆண்குரல், சேலம் பக்கம் போலிருந்தது, மாடல் பெயரை யாரோ எழுதிக்கொடுத்ததைப் படிப்பதுபோல் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, அந்தக் கார்டு வந்துவிட்டதாங்க என்று கேட்டது. பாய் வழக்கமான பதிலுக்கு வாயைத் திறந்தார். மூடினார். பிறகு போனுக்குப் பக்கத்தில் குனிந்து, "ஐயா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே," என்றார், "உங்க வீட்ல மொத்தம் எத்தனை பேரு போன் போடுறீங்க?" ஜெசிந்தா பையைத் தோளில் மாட்டிக்கொண்டும் கிளம்பாமல், பதிலுக்காக நின்றாள்.